மடக்குச் சவரக்கத்தி: கல், வார், கன்னம்

கன்னம் எரிகிறது, முடியைப் பிடுங்குகிறது, தாடைக்குக் கீழே கத்தி ஓடவே மாட்டேன் என்கிறது என்று யாராவது வந்து சொன்னால், நான் அவர் கையைப் பார்ப்பதில்லை. கத்தியைத்தான் வாங்கிப் பார்ப்பேன். கை பழகச் சில வாரங்கள் ஆகும், அது தானாக வந்துவிடும். கூர் தானாக வராது. மடக்குக் கத்தியில் வரும் தொல்லைகள் பெரும்பாலும் கூரில் உள்ள குறையால் வருபவை. அந்தக் குறையும் பெரும்பாலும் தீட்டும் முதல் கல்லில், 1000 எண் போட்ட சொரசொரப்பான கல்லிலேயே விட்டுப்போனதாக இருக்கும்.

நான் கோவையில் டூல் ரூம் வேலை பார்த்தவன். கிரைண்டிங் மிஷினும் சர்ஃபேஸ் பிளேட்டும்தான் என் படிப்பு. அதனால் சவரக்கத்தியை முதலில் ஒரு வெட்டும் கருவியாகத்தான் பார்க்கிறேன். அப்படிப் பார்த்தால் அதைப்போல யோசித்துச் செய்த கருவி வேறு இல்லை. அரிவாள்மனை, வெட்டுக்கத்தி எதைத் தீட்டினாலும் கோணத்தை நம் மணிக்கட்டுதான் பிடிக்க வேண்டும். சவரக்கத்தியில் அந்தக் கவலை கிடையாது. கத்தியைக் கல்லில் அப்படியே படுக்க வையுங்கள். முதுகும் வாயும், அதாவது வெட்டும் விளிம்பும், ஒரே நேரத்தில் கல்லில் படும். கோணம் அதுதான். என்னிடம் உள்ள கத்தி ஒன்றில் முதுகின் தடிமன் 5 மில்லிமீட்டர். வாயில் இருந்து முதுகு கல்லைத் தொடும் இடம் வரை 17 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் இரண்டு பக்கமும் சேர்ந்து சுமார் 17 டிகிரி. தீட்டத் தீட்ட வாய் தேயும்போது முதுகும் கூடவே தேயும். ஆகவே பல வருடம் கழித்தும் கோணம் பெரிதாக மாறாது. முதுகைக் கல்லை விட்டுத் தூக்காமல் இருப்பது ஒன்றுதான் நம் பொறுப்பு.

எதை வாங்குவது

கத்தியின் அகலத்தை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்காக எண்ணுவது வழக்கம்: 4/8, 5/8, 6/8, 7/8 என்று போகும். முதல் கத்திக்கு 5/8 அல்லது 6/8 வாங்குங்கள். அதைவிட அகலமானது மூக்கின் கீழே திரும்பாது. நுனி வட்டமாக இருக்கட்டும். சதுர நுனி காது மடலையும் உதட்டு ஓரத்தையும் எளிதில் கீறிவிடும். இரண்டு பக்கமும் குழித்து அரைத்த கத்தி மெலிதாக இருக்கும், தீட்டுவது சுலபம். ஆப்பு வடிவத்தில் தடித்து வரும் பழைய கத்திகள் அருமையானவை. ஆனால் அவற்றைக் கல்லில் உட்கார வைக்க நேரமாகும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

புதிதாக வாங்குவதென்றால் ஜெர்மனியின் சோலிங்கன் நகரக் கத்திகளை நம்பலாம். 1906-இல் தொடங்கிய டோவோவும் 1869-இல் தொடங்கிய போக்கரும் அந்த ஊர்தான். அந்த ஊரில் செய்யாத கத்தியில் சோலிங்கன் என்று பெயர் பொறிக்கக் கூடாது என்று 1938-லேயே அங்கே சட்டம் போட்டுவிட்டார்கள். பிரான்சில் தியேர் என்ற ஊரில் செய்யும் தியேர் இஸார் கத்திகளும் நல்லவை. குறைந்த விலைக்குச் சீனாவின் கோல்ட் டாலர் இருக்கிறது. அதன் எஃகு மோசமில்லை. பிடியை ஒட்டிய தோள் பகுதி மட்டும் வாய்க்கு மிகக் கிட்டே வந்து கல்லில் இடிக்கும். அந்தத் தோளை அரைத்துக் குறைக்கத் தெரிந்தவருக்கு அது லாபம், முதல்முறை வாங்குபவருக்குத் தலைவலி. அலங்காரப் பிடி போட்டுப் பளபளவென்று வரும் பெயரில்லாத கத்திகளை விட்டுவிடுங்கள். அவற்றில் பல சரியாகக் கடினப்படுத்தாத எஃகு. எந்தக் கல்லில் தேய்த்தாலும் கூர் நிற்காது.

பழைய கத்தி கிடைத்தால் சந்தோஷம். ஆங்கிலேய ஷெஃபீல்டு கத்திகளும் பழைய சோலிங்கன் கத்திகளும் நம் ஊர்ப் பழைய பொருள் கடைகளில் இன்னும் தலைகாட்டுகின்றன. வாங்கும் முன் மூன்று இடம் பாருங்கள். வாயை ஒட்டித் துருப்புள்ளி இருந்தால் வேண்டாம். துரு உள்ளே தின்றிருக்கும், தீட்டினால் அந்த இடம் பொரிந்து உதிரும். முதுகு ஒரு முனையில் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தால் முன்பு வைத்திருந்தவர் கோணலாகத் தீட்டியிருக்கிறார், அதுவும் வேண்டாம். மூன்றாவது, கத்தியைக் கண்ணாடிப் பலகைமேல் படுக்க வைத்து மெல்லத் தட்டிப் பாருங்கள். ஆடினால் முறுக்கு விழுந்திருக்கிறது. இந்த மூன்றும் இல்லையென்றால் மேலே படிந்த கறுப்பெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

இந்தக் கத்திகளின் எஃகில் கரிமம் சுமார் 1 சதவீதம் இருக்கும். அந்தக் கரிமத்தால்தான் மெலிந்த வாய் மடங்காமல் நிற்கிறது. கொங்கு நாட்டுக்காரனாக இந்த இடத்தில் ஒன்று சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. நொய்யல் கரையில் கொடுமணலில் உருக்கு எஃகு செய்த மூசைகளும் (எஃகு உருக்கும் மண்குடுவைகள்) உலைகளும் அகழாய்வில் கிடைத்தன. தென்னாட்டில் இருந்து போன அந்த உருக்கு ஐரோப்பாவில் வூட்ஸ் என்று பெயர் பெற்றது. லண்டனில் கத்தி செய்துகொண்டிருந்த ஜேம்ஸ் ஸ்டோடர்ட், ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட இதுவே மேல் என்று தன் கடைச் சீட்டிலேயே அச்சடித்தார். அவரும் மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து 1820-இல் எஃகுக் கலவைகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். தான் உருக்கிய கலவையில் செய்த சவரக்கத்திகளை ஃபாரடே நண்பர்களுக்குப் பரிசாகவும் கொடுத்திருக்கிறார். மின்சாரத்துக்காக நாம் படிக்கும் அதே ஃபாரடேதான்.

கல்லில்

புதுக் கத்தியானாலும் கடையில் இருந்து வந்தபடியே முகத்துக்குத் தயாராக இருக்கும் என்று எண்ணாதீர்கள். விற்பவரிடம் "தீட்டித் தருவீர்களா" என்று கேட்டு, முதல் கூரை விஷயம் தெரிந்தவர் கையால் வாங்கிக்கொள்வது நல்லது. நல்ல கூர் எப்படி இருக்கும் என்று கன்னத்துக்குத் தெரிந்த பிறகுதான் நாம் போடும் கூர் சரியா என்று சொல்ல முடியும்.

தேவையான கற்கள்: 1000, 4000 அல்லது 5000, 8000, கடைசியாக 12000. ஷாப்டன், நானிவா போன்ற ஜப்பானியக் கற்கள் நம் நாட்டிலும் கிடைக்கின்றன. எண் கூடக் கூடத் துகள் நைஸாகும்: 1000 கல்லில் சுமார் 15 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 8000-இல் சுமார் 2, 12000-இல் ஒன்றேகால். இயற்கைக் கல் வேண்டுமானால் பெல்ஜியத்தின் ஆர்டென் மலையில் வெட்டும் கோட்டிக்யூல் இருக்கிறது. மஞ்சள் நிறம், உள்ளே பொடிப்பொடியாகக் கார்னெட் மணிகள். விலை அதிகம். எனக்கு மிகவும் பிடித்த கல் அது. ஆனாலும் பழகும்போது எண் போட்ட கல்லே உத்தமம். எந்தப் படியில் தவறுகிறது என்று பிரித்துப் பார்க்க முடியும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கல் சமதளமாக இருக்க வேண்டும். புதுக் கல்லும் சமமாக இருக்காது. கல் முகத்தில் பென்சிலால் கட்டம் போடுங்கள். தடித்த கண்ணாடிமேல் 400 எண் வாட்டர் பேப்பரை நனைத்து ஒட்டி, கல்லை அதன்மேல் தேயுங்கள். கோடுகள் எல்லாம் மறையும்வரை தேயுங்கள். நடுவில் ஒரு கோடு மிஞ்சினாலும் அங்கே பள்ளம் இருக்கிறது என்று பொருள்.

இப்போது 1000 கல். தண்ணீர் தெளித்து, கத்தியை முதுகும் வாயும் பட வைத்து, வாய் முன்னே போகும்படி தள்ளுங்கள், கல்லின் மேல்தோலை இழைத்து எடுக்கப் போவதுபோல. பிடியை ஒட்டிய அடிப்பக்கம் கல்லில் இருக்கும்போது தொடங்கி, தள்ளிக்கொண்டே கத்தியைக் குறுக்கே இழுத்து, நுனி கல்லில் இருக்கும்போது முடியுங்கள். அப்போதுதான் வாய் முழுவதும் சமமாகக் கல்லைப் பார்க்கும். கடைசியில் கத்தியை முதுகின்மேல் புரட்டிக்கொண்டு திரும்பி வாருங்கள். வாயின்மேல் புரட்டினால் அதுவரை செய்த வேலை போச்சு.

விரலால் அழுத்தாதீர்கள். குழித்து அரைத்த கத்தி அவ்வளவு மெலிது. அழுத்தினால் தகடு வளைந்து வாய் கல்லை விட்டுச் சற்று எழும்பும். நீங்கள் எவ்வளவு பாடுபட்டாலும் தேய்வது வாய்க்கு மேலுள்ள இடம்தான். கத்தியின் சொந்த எடை போதும். கொஞ்சம் சிதைந்த வாயென்றால் 1000 கல்லில் மட்டும் ஒரு விரல் கனம் சேர்க்கலாம், கடைசிப் பத்து இழுப்பில் அதையும் எடுத்துவிடுங்கள்.

இந்தக் கல்லில் எத்தனை இழுப்பு என்று எண்ணிக்கை சொல்ல முடியாது. கத்திதான் சொல்லும். பர்மனன்ட் மார்க்கரால் வாயின் சரிவு முழுக்கக் கறுப்பு பூசுங்கள். நாலு இழுப்பு இழுத்து வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பு முழுவதும் போயிருந்தால் கல் வாய் வரை எட்டுகிறது. வாயின் ஓரத்தில் மயிரிழை அகலத்துக்குக் கறுப்பு நின்றாலும் கல் இன்னும் அங்கே வரவில்லை. நீங்கள் தீட்டிக்கொண்டிருப்பது வாயை அல்ல. தொடருங்கள். அப்புறம் இன்னொரு சோதனை. கத்தியை விளக்குக்குக் கீழே வாய் மேலே பார்க்கப் பிடித்து, நேராக வாயையே பாருங்கள். கூரான வாய் கண்ணுக்குத் தெரியாது. எங்கேயாவது வெள்ளைப் புள்ளி மின்னினால் அந்த இடம் மழுங்கல், ஒளி பட்டுத் திரும்ப அங்கே அகலம் இருக்கிறது. நகைத் தொழிலாளர்கள் கண்ணில் வைக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொண்டால் இந்தப் புள்ளிகள் இன்னும் தெளிவாகத் தெரியும். கடைசியாக முன்கை முடி: தோலோடு ஒட்டி வைத்து மெல்ல நகர்த்தினால் அடி, நடு, நுனி மூன்று இடத்திலும் முடி சிரமமில்லாமல் விழ வேண்டும். நுனி மட்டும் வெட்டவில்லையென்றால், நுனிப்பக்கம் கல்லுக்கு வராமலேயே நீங்கள் புரட்டுகிறீர்கள்.

இந்த மூன்றும் தேறாமல் 5000 கல்லைத் தொடாதீர்கள். இரண்டு பக்கச் சரிவும் ஆயிரத்தில் ஒன்றாகச் சேராத வாயை எட்டாயிரம் சேர்த்துவைக்காது. பளபளப்பு மட்டும்தான் கொடுக்கும். வெளியே கண்ணாடிபோல மின்னும், முகத்தில் வைத்தால் பிடுங்கும். வாங்கிப் பார்க்கச் சொல்லி வரும் கத்திகளில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். அப்போது மேலே போவதில் பயனில்லை. வெட்கப்படாமல் 1000-க்குத் திரும்பிவிட வேண்டும்.

அதற்குப் பிறகு வேலை சுலபம். 5000-இல் இருபது முப்பது போய்வருதல், 1000 கல் போட்ட கீறல்கள் லென்ஸில் மறையும்வரை. 8000-இலும் அப்படியே. 12000-இல் பதினைந்து இருபது போதும். ஒவ்வொரு கல்லுக்கும் நடுவில் கத்தியையும் கையையும் கழுவுங்கள். கீழ்க்கல்லின் துகள் ஒன்று மேல்கல்லுக்குப் போனால் வாயில் கீறல் போடும். கடைசிக் கல்லில் கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளம் உண்டு. தொடக்கத்தில் கத்தி தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும், தண்ணீர் வாய்க்கு முன்னால் ஒரு கரையாக நிற்கும். வாயும் கல்லும் இடைவெளி இல்லாமல் பொருந்தியதும் அந்தத் தண்ணீர் வாயின்மேல் ஏறி, தகட்டின் மேலே வழிந்தோடத் தொடங்கும். அடியில் இருந்து நுனி வரை ஒரே சீராக ஏறினால் நிறுத்தலாம். ஓரிடத்தில் மட்டும் ஏறாமல் நின்றால் அந்த இடம் கல்லைத் தொடவில்லை.

முதுகில் தங்கப்பூச்சோ வேலைப்பாடோ இருந்தால் அதன்மேல் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டிக்கொள்ளுங்கள். கோணம் ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடும், பாதகமில்லை. ஆனால் டேப் போட்டுத் தொடங்கினால் எல்லாக் கல்லிலும் டேப்போடுதான் முடிக்க வேண்டும். தேய்ந்தால் புதிது மாற்றுங்கள்.

வாரில்

கல் எப்போதாவதுதான், கத்தியை இழுத்துக் கூரைச் சீராக்கும் தோல்பட்டையான வார் தினமும். சவரத்துக்கு முன்னால் துணிப்பட்டையில் இருபது, தோலில் நாற்பது முறை போய்வர வேண்டும். இங்கே திசை நேர் எதிர்: முதுகு முன்னே, வாய் பின்னே. முனையில் வந்ததும் கத்தியை நிறுத்தி, முதுகின்மேல் புரட்டி, பிறகுதான் திரும்ப வேண்டும். புரட்டும் முன் திரும்பினால் தோலும் அறுபடும், வாயும் மடங்கும். வாரை விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். தொய்ந்தால் தோல் வாயைச் சுற்றி வளைந்து கூரை உருட்டிவிடும். வேகம் வேண்டவே வேண்டாம். சலூனில் பட்பட்டென்று தீட்டிய கைகள் அதிலேயே ஊறிய கைகள். நாம் மெதுவாகச் செய்தாலும் தோல் அதே வேலையைத்தான் செய்யும்.

முதல் வாரைக் குறைந்த விலையில் வாங்குங்கள், அதில் வெட்டு விழுவது சகஜம். முழுத் தோலாக இருக்கட்டும். தோல் தூளை ஒட்டிச் செய்த பெல்ட் உதவாது.

கன்னத்தில்

கோணமும் தோலை இழுத்துப் பிடிப்பதும் கைவர வேண்டும் என்று முதலில் நினைப்பவர்கள், சலூன்களில் பிளேடைப் பாதியாக ஒடித்துச் செருகும் கத்தி இருக்கிறதே, அதில் தொடங்கலாம். மலிவு. கூரைப் பற்றிய சந்தேகமே இருக்காது. ஆனால் எடை குறைவு, சட்டென்று கடிக்கும். அதில் பழகிய கைக்கு மடக்குக் கத்தி மெத்தென்று இருக்கும்.

குளித்துவிட்டு வந்து தொடங்குங்கள். இரண்டு மூன்று நிமிடமாவது வெந்நீரில் ஊறிய முடி மெதுவாகி எளிதில் வெட்டுப்படும். பிரஷ்ஷால் சோப்பைக் குழைத்து நுரையைத் தண்ணீர்ப் பதமாகப் பூசுங்கள், கெட்டி நுரையில் கத்தி வழுக்காது. கத்தியை மூன்று விரல் மேலே, சுண்டுவிரல் இணைப்பு ஆணியைத் தாண்டி நீளும் வாலில், கட்டைவிரல் கீழே என்று பிடியுங்கள். மற்றக் கை காதுக்கு முன்னால் தோலை மேல்நோக்கி இறுக்கிப் பிடிக்க வேண்டும். விரல் வழுக்கினால் படிகாரத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள், பிடிப்பு வந்துவிடும்.

கத்தியை முகத்தில் படுக்க வைத்து, முதுகைச் சுமார் 30 டிகிரி எழுப்புங்கள். முதுகுக்கும் தோலுக்கும் நடுவில் முதுகின் தடிமனைப்போல இரண்டு மடங்கு இடைவெளி இருந்தால் சரி. முடி வளரும் திசையிலேயே, ஒரு அங்குலம் ஒரு அங்குலமாக வாருங்கள். வாய் போகும் பக்கம்தான் கத்தி போக வேண்டும். வாயின் நீளவாட்டில் துளி நகர்ந்தாலும் வெட்டு. சரியான கூரும் சரியான கோணமும் சேர்ந்தால் முடி அறுபடும் மெல்லிய நறநறப்பு காதில் கேட்கும். சத்தம் இல்லாமல் இழுத்தால் கோணத்தைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். அப்போதும் இழுத்தால் அழுத்தி முடிக்கப் பார்க்காதீர்கள். கத்தியைத் துடைத்து வாருக்குப் போங்கள். வாரிலும் சரியாகவில்லையென்றால் கல்லுக்கு.

முதல் வாரம் இரண்டு கன்னம் மட்டும். மிச்சத்தை வழக்கமான ரேசரில் முடியுங்கள். கழுத்து அடுத்து. முகவாயும் மேலுதடும் கடைசி, அங்கே தோல் மேடு பள்ளம், முடியும் தடிப்பு. முடிந்ததும் குளிர்ந்த தண்ணீர், பிறகு ஈரப் படிகாரக் கல். எங்கே சுரீரென்கிறதோ அங்கே நீங்கள் தோலைச் சுரண்டியிருக்கிறீர்கள். அடுத்த நாள் அந்த இடத்தில் கை இன்னும் லேசாக இருக்கட்டும். உங்கள் கத்தி உங்கள் முகத்துக்கு மட்டும். வீட்டில் உள்ளவர்களுக்கும் கொடுக்காதீர்கள், ரத்தத்தால் தொற்றும் நோய்க்கு உறவு தெரியாது.

வைத்திருக்க

கத்தியைக் கழுவி, மெல்லிய துணியால் முதுகில் இருந்து வாய்ப்பக்கமாகத் துடையுங்கள். பிடிக்குள் தண்ணீர் போனால் இணைப்பு ஆணியின் இடுக்கில் துரு பிடிக்கும், அதனால் குழாயடியில் முழுக்க நனைக்காதீர்கள். வாரில் நாலைந்து முறை இழுத்தால் மிச்ச ஈரமும் போகும். கொஞ்ச நேரம் திறந்தே வைத்துவிட்டு மடக்குங்கள். கோவையில் இது போதும். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று ஒரு ராத்திரியில் வாயைத் தின்றுவிடும். அங்கே ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெயைத் துணியில் தொட்டுப் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசுபிசுத்துப் படியும். கத்தியைக் குளியலறையில் வைக்காமல் பீரோவில் வையுங்கள்.

வாரில் இழுத்தும் மூக்குக்குக் கீழே முடி இழுபடத் தொடங்கினால் கூர் தளர்கிறது. நேராக 12000 கல்லுக்குப் போய்ப் பத்துப் பதினைந்து முறை இழுத்துப் பாருங்கள், பெரும்பாலும் திரும்பிவிடும். வரவில்லையென்றால் 8000. வாயில் பொரிவு விழுந்தாலோ கத்தி கைதவறிக் கீழே விழுந்தாலோ மட்டும் மார்க்கரை எடுத்துக்கொண்டு 1000 கல்லில் உட்காருங்கள்.